தங்கக் கால்

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையின் பின்பக்கம், மூடிப்போன ஒரு சோப்புக் கம்பெனியின் கொட்டகையில் 'பாதநெறி ஓட்டுநர் பயிற்சி மற்றும் தேர்வு நிலையம்' நடந்துவருகிறது. ஆட்டோக்காரர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் முழிப்பார்கள். 'காலு சென்டர்' என்றால் வாசலிலேயே கொண்டுபோய் விடுவார்கள். மற்ற இடங்களில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள். இங்கே மட்டும்தான் காலை வைக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். காலைச் சரியாக வைத்தால் வண்டி தானாக ஓடும் என்பது நிலையத்தின் கொள்கை. அந்தக் கொள்கை எவ்வளவு பெரிய உண்மை என்பது தேவிப்பிரியாவுக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது.

தேவிப்பிரியாவுக்குச் சொந்த ஊர் கடலோர வீராம்பட்டினம். அம்மா முத்தம்மாள் துறைமுகத்தில் மீன் எடுத்து, ஊருக்குள் கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் போடுகிறவள். அண்ணன் அஜித் ஒரு குட்டி லோடு வண்டி வாங்கினான். வாங்கிய சூட்டோடு துபாய்க்குப் போய்விட்டான். வண்டி இருந்தது, ஓட்ட ஆள் இல்லை. அதற்குக் கிருஷ்ணசாமி என்று ஒரு டிரைவரை அமர்த்தினார்கள். கிருஷ்ணசாமி நல்லவன்தான். ஆனால் அவனுக்குச் சொந்தக்காரர்கள் ஜாஸ்தி. வாரத்தில் பாதி நாள் யாருக்காவது காது குத்தினார்கள், மீதி நாளில் யாராவது செத்தார்கள். அவன் வராத நாளில் மீன் துறைமுகத்திலேயே கிடக்கும். ஐஸ் கரையும். விலை இறங்கும். அப்படி ஒருநாள் இறால் பெட்டி முழுக்க வீணாகி, முத்தம்மாள் அதை மணலில் குழி தோண்டிப் புதைக்கும்போது வாய் திறக்கவில்லை. எதற்கும் நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்துகிறவள் அன்று பேசாமல் இருந்ததுதான் தேவிப்பிரியாவை என்னவோ செய்தது.

"இனிமே எவன் காலையும் நம்பி நாம இல்லம்மா. வண்டிய நானே ஓட்டறேன்" என்றாள்.

இப்படி வீராப்புப் பேசிவிட்டுத்தான் அவள் காலு சென்டருக்கு வந்தாள். அங்கே தேறினால் வேறெங்கும் போய் ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை, உரிம அட்டையை அங்கேயே அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். வாசலில் பெரிய பலகை. 'இதுவரை தேறியவர்கள்: எல்லோரும். தோற்றவர்கள்: இல்லை' என்று எனாமல் பெயின்டில் எழுதியிருந்தது. அதைப் படித்ததும் அவளுக்கு நிம்மதியாகப் போயிற்று. யாருக்குத்தான் போகாது?

நிலையத்தின் இயக்குநர் அரிகிருஷ்ணன், புதிதாகச் சேர்ந்தவர்களை வரவேற்றுப் பேசினார். அவர் ஒருமுறை அரசுச் செலவில் பிரான்சுக்குப் போய்வந்தவர். போய்வந்து பல வருஷமாகியும் அவர் இன்னும் முழுசாகத் திரும்பி வந்து சேரவில்லை.

"பிரான்ஸ்ல நான் கட்டடம் பாக்கல, கோபுரம் பாக்கல. டாக்சியில ஏறி டிரைவரோட காலைப் பாத்தேன். ஆஹா! வலது குதிகால் தரையில ஊன்றி இருக்குது. முன்பாதம் மட்டும் இப்படித் திரும்புது, அப்படித் திரும்புது. பிரேக்கு, ஆக்சிலேட்டர், பிரேக்கு, ஆக்சிலேட்டர். இடது கால் கிளட்சை மிதிச்சுட்டு, மரியாதையா ஓரமாப் போய் நிக்குது. நம்ம ஊர்ல? கிளட்சு மேலயே காலைப் போட்டுத் தூங்கறான்! ஒரு நாட்டோட நாகரிகம் காலுல இருக்குதும்மா. தலையில இல்ல. தலையால நாம எதையுமே செய்யறதில்ல."

எல்லோரும் கைதட்டினார்கள். தேவிப்பிரியாவும் தட்டினாள். பிறகு உறுதிமொழி. எல்லோரும் எழுந்து நின்று, வலது பாதத்தைக் கொஞ்சம் முன்னால் வைத்து, 'என் வலது பாதம் இரண்டு பெடலுக்கும் பொது. என் இடது பாதம் கிளட்சுக்கு மட்டுமே சொந்தம். ஒரு பாதத்தின் வேலையில் மறு பாதம் தலையிடாது' என்று சொல்ல வேண்டும். தினமும் காலையில் இது உண்டு. மழை வந்தாலும் உண்டு.

முதல் சில வாரங்கள் கார் கண்ணிலேயே படவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே மூன்று மரக்கட்டைகளை வைத்தார்கள். சிவப்பு பிரேக், பச்சை ஆக்சிலேட்டர், மஞ்சள் கிளட்சு. தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, அதன் நடுவில் குதிகாலை ஊன்றச் சொன்னார்கள். ஊன்றினார்கள். 'திருப்பு' என்றால் திருப்பினார்கள். பக்கத்து நாற்காலியில் துர்கா என்று ஒரு பெண். கதிர்காமத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். "எட்டு மணி நேரம் நின்னுட்டு வரேன். இங்க வந்து குந்துறதே போதும், நல்லாயிருக்குது" என்று அவள் கட்டைமேல் காலை நீட்டிக்கொண்டு ஓய்வெடுப்பாள். தேவிப்பிரியா அப்படியில்லை. வீட்டுக்குப் போயும் செங்கல் மூன்றை வைத்துப் பழகினாள். குதிகாலில் சுளுக்குப் பிடித்தது. முத்தம்மாள் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டாள்.

அப்புறம்தான் கார் வந்தது. காரோடு ஷூவும் வந்தது.

இந்த ஷூவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பயிற்சிக் கார் நிலையத்துக்கு முதன்முதலாக வந்தபோது ஆயுதபூஜை நாள். படையல் போட்டு, மாலை கட்டி, பெடல்களுக்குக்கூடச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பூஜை போட்ட வண்டிக்குள் யாரும் செருப்புக் காலோடு ஏறக்கூடாது என்று இயக்குநர் உத்தரவு போட்டார். அதே வாரம், ஓட்டுகிறவர் கட்டாயம் ஷூ அணிந்திருக்க வேண்டும் என்று இன்னொரு உத்தரவு. இதிலும் அவர்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். இரண்டையும் ரத்து செய்ய முடியாது. ஏனென்றால் இரண்டையும் அவரே பிறப்பித்திருக்கிறார். கமிட்டி கூடியது. டீ சாப்பிட்டது. கடைசியில் வழி கண்டுபிடித்தார்கள்: புத்தம்புதிதாக ஒரு ஜோடி ஷூ வாங்கி, அதற்கும் பூஜை போட்டு, தரையிலேயே படாமல் காருக்குள் வைத்துவிடுவது. யார் ஏறினாலும் அதைத்தான் மாட்டிக்கொள்ள வேண்டும்.

வாங்கப் போனவர் தன் காலுக்குப் பார்த்து வாங்கிவிட்டார். ஒன்பதாம் நம்பர்.

ஆகவே பயிற்சி இப்படி நடந்தது. காரின் வெளியே செருப்பை விட வேண்டும். சீட்டில் பக்கவாட்டில் உட்கார்ந்து காலைத் தூக்க வேண்டும். நிலையத்து ஆயாம்மா மக்கில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார். ஈரக் காலைத் தரையில் வைக்காமல் அப்படியே உள்ளே இழுத்து ஷூவில் நுழைக்க வேண்டும். தேவிப்பிரியாவின் கால் சின்னது. ஷூவின் முன்பக்கம் முழுக்கக் காலியாகக் கிடக்கும். துணியைத் திணித்துப் பார்த்தாள். திணித்தால் புனிதம் போய்விடுமாம், எடுத்துவிட்டார்கள். அடியில் தடித்த ரப்பர். பிரேக்கை மிதிக்கிறோமா, தரையை மிதிக்கிறோமா என்று காலுக்குத் தெரியாது. பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் இடையில் ஷூவின் மூக்கு மாட்டிக்கொள்ளும். கார் ஒரு சுற்றுப் போய்த் திரும்பும்போது வெளியே விட்ட செருப்பில் ஒன்று இருக்காது. தொழிற்பேட்டை நாய்களுக்கும் ஏதோ பயிற்சி நடந்துகொண்டிருந்தது.

இவ்வளவு இடைஞ்சலிலும் தேவிப்பிரியா பிரமாதமாக ஓட்டினாள். முதல் நாளே ஓட்டினாள்!

அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் கோபிநாத் மாஸ்டர். ஐம்பது தாண்டியவர், சாந்தமான முகம். மற்ற இடத்து மாஸ்டர்கள் மாதிரி 'எரும' என்றோ 'கண்ணு அவிஞ்சு போச்சா' என்றோ சொல்லமாட்டார். இடதுபக்க சீட்டில் அமர்ந்து, இடுப்பிலிருந்து கீழே வரைக்கும் ஒரு பெரிய பூப்போட்ட துண்டைப் போர்த்திக்கொள்வார். ஏசிக் காற்று முட்டிக்கு ஆகாதாம். அந்தக் காரில் ஏசி வேலை செய்யவில்லை. இதைத் தேவிப்பிரியா கவனிக்காமல் இல்லை. வயசானவருக்கு என்னவோ உடம்பு என்று விட்டுவிட்டாள்.

அவர் பக்கத்திலும் ஒரு பிரேக்கும் கிளட்சும் இருப்பது அவளுக்குத் தெரியும். முதல் நாளே கேட்டாள்.

"அது அவசரத்துக்கும்மா. குறுக்க மாடு கீடு வந்துட்டா. உன் விஷயத்துல எனக்கு அந்த வேலையே கிடையாது. நான் காலை மடக்கி வச்சுக்கிட்டுச் சும்மாத்தான் குந்தியிருக்கேன்."

"நெசமாவா மாஸ்டர்? எனக்கு என்னவோ பெடலு தானா இறங்கற மாதிரி இருக்குதே. நான் மிதிக்கணும்னு நெனைக்கறதுக்குள்ள அதுவே போவுது."

கோபிநாத் மாஸ்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கனிவாகச் சொன்னார்: "நல்ல காலு வச்சவங்களுக்குப் பெடல் தானா இறங்கிக் குடுக்கும்மா. லட்சத்துல ஒருத்தருக்குத்தான் அப்படி அமையும். உன்னுது தங்கக் காலு."

பாவம், அவள் இதை நம்பினாள். நம்பாமல் எப்படி இருப்பாள்? பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் அவளைப் பார்த்துச் சொன்னதெல்லாம் வேறு. கல்யாணம் பேச வந்தவர்கள் சொன்னது வேறு. அவளிடம் இருக்கிற ஒன்றைப் பார்த்துத் தங்கம் என்று சொன்ன முதல் ஆள் இவர்தான். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொன்னாள். முத்தம்மாள் அதை மறுநாள் துறைமுகம் முழுக்கச் சொன்னாள். "எம்பொண்ணு மிதிக்க வேணாம், நெனச்சாப் போதும், வண்டி நிக்குது" என்று ஐஸ் உடைக்கிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்தாள். மாஸ்டருக்கு வாரா வாரம் வஞ்சிரம் போயிற்று. வஞ்சிரம் கிடைக்காத வாரம் சுறாப்புட்டு போயிற்று.

இப்படியே போயிருந்தால் கதையே இல்லை. நடுவில் மாஸ்டரின் இடது காலில் ஸ்கூட்டர் விழுந்தது.

காலில் மாவுக்கட்டோடு வந்தார். லீவு போடவில்லை, அவ்வளவு கடமை உணர்ச்சி. துண்டை எப்போதும்போல் போர்த்திக்கொண்டார். அன்று தேவிப்பிரியா வண்டியைக் கிளப்பினாள். ஒரு குலுக்கல். அணைந்துவிட்டது. மறுபடியும் கிளப்பினாள். மறுபடி அணைந்தது. இறங்கி வந்து சுவரோரம் நின்று அழுதாள். அடுத்து துர்கா ஏறினாள். அவளுக்கும் அணைந்தது. அவளுக்கு அடுத்து ஏறிய பெரியவருக்கும் அணைந்தது. அன்று யார் ஏறினாலும் கார் குலுங்கிக் குலுங்கி அங்கேயே நின்றது. நிறுத்துவதில் மட்டும் ஒருத்தருக்கும் குறையில்லை.

ஒரே நாளில் ஒரு வகுப்பு முழுவதற்கும் இடது கால் மறந்துபோனால் நிர்வாகம் சும்மா இருக்குமா? இயக்குநர் உடனே விசாரணை வைத்தார். கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோரும் வரிசையாக நின்று இடது காலை நீட்டினார்கள். மாஸ்டரும் வரிசையில் மாவுக்கட்டை நீட்டிக்கொண்டு நின்றார். அவருடைய காலை மட்டும் யாரும் பார்க்கவில்லை. அவர் கற்றுக்கொடுக்கிறவர்.

"இது ஒருவகைப் பாதச் சோர்வு" என்று அரிகிருஷ்ணன் அறிவித்தார். "ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு ஒட்டிக்கிட்டிருக்குது. எல்லாம் ஒரே ஷூ இல்லியா? இதுக்கு ஒண்ணும் பயப்பட வேணாம். பிரான்ஸ்லகூட வரும்."

ஷூவுக்குத் திருஷ்டி சுற்றிப் பூசணிக்காய் உடைத்தார்கள். உறுதிமொழியைக் காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் என்று ஆக்கினார்கள். அப்படியும் சோர்வு விடவில்லை. மாஸ்டருக்கு மாவுக்கட்டைப் பிரித்த அன்று சாயங்காலம், எல்லோருக்கும் ஒரே சமயத்தில் சரியாகிவிட்டது. இரண்டு வேளை உறுதிமொழிக்குக் கிடைத்த வெற்றி என்று இயக்குநர் மேலிடத்துக்கு எழுதினார். தேவிப்பிரியா அன்று கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தாள். அந்த நாட்களில் அவள் பட்ட வேதனை அவளுக்குத்தான் தெரியும். தன் தங்கக் கால் தன்னை விட்டுப் போய்விட்டது, இனி அம்மா கிருஷ்ணசாமியின் காது குத்துகளுக்கு நடுவில்தான் பிழைக்க வேண்டும் என்று நினைத்து நினைத்து அழுதிருந்தாள்.

தேர்வு நாள் வந்தது.

தேர்வு என்றால் கொட்டகைக்குப் பின்னால் எட்டுப் போட்ட பாதையில் ஒருமுறை சுற்றி வந்து, வெள்ளைக் கோட்டில் நிறுத்த வேண்டும். இடதுபக்கம் கோபிநாத் மாஸ்டர், துண்டோடு. பின்சீட்டில் தேர்வாளராக இயக்குநரே அமர்ந்திருந்தார். பின்சீட்டிலிருந்து ஓட்டுகிறவரின் பின்னந்தலை மட்டும்தான் தெரியும். பாதநிலைக்கு எப்படி மார்க் போடுவார்? பின்னந்தலையின் அமைதியை வைத்துத்தான். அதற்கென்று தனியாக அவர் ஒரு கட்டுரையே எழுதியிருந்தார்.

தேவிப்பிரியா குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு கிளப்பினாள். முதல் கியரில் கார் மெதுவாக நகர்ந்தது. முதல் வளைவு திரும்பியது. இரண்டாவது வளைவில்தான் அது நடந்தது. வலது ஷூவின் மூக்கு பிரேக்குக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டது. இழுத்தாள். கால் வந்துவிட்டது, ஷூ வரவில்லை. பதற்றத்தில் இடது காலையும் இழுத்தாள். அந்த ஷூவும் கழன்று கீழே உருண்டது. இரண்டு ஷூவும் பெடல்களுக்கு நடுவில் தாறுமாறாகக் கிடந்தன. வெறுங்காலை எங்கே வைப்பது? எதையாவது மிதித்து ஏதாவது ஆகிவிட்டால்? பயத்தில் இரண்டு காலையும் தூக்கி சீட்டின்மேல் வைத்துக்கொண்டாள். ஸ்டியரிங்குக்குக் கீழே சம்மணம் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

கார் போய்க்கொண்டே இருந்தது.

அழகாகப் போயிற்று. வளைவில் வேகம் குறைந்தது. நேர்ப்பாதையில் கொஞ்சம் துள்ளியது. அவள் ஸ்டியரிங்கை மட்டும் திருப்பினாள். கிளட்சுப் பெடல் தன்பாட்டுக்கு உள்ளே போயிற்று, வெளியே வந்தது. பிரேக் பெடல் கீழே கிடந்த ஷூவையும் சேர்த்து அமுக்கிக்கொண்டு இறங்கியது. கார் வெள்ளைக் கோட்டில் ஒரு விரல்கடைகூடப் பிசகாமல் வந்து நின்றது.

"சபாஷ்!" என்றார் பின்சீட்டிலிருந்து அரிகிருஷ்ணன். "என்ன ஒரு பாதம்! குதிகால் அசைஞ்ச மாதிரியே தெரியல."

தேவிப்பிரியா சீட்டின்மேல் இருந்த தன் இரண்டு கால்களையும் பார்த்தாள். பிறகு இடதுபக்கம் பார்த்தாள். பூப்போட்ட துண்டு இன்னும் லேசாக அசைந்துகொண்டிருந்தது. அவள் கையை நீட்டி அதைத் தூக்கினாள். அடியில் கோபிநாத் மாஸ்டரின் இரண்டு கால்கள், இரண்டு பெடல்களின்மேல். நகமெல்லாம் தேய்ந்து, பெருவிரல் காய்த்துப்போன கால்கள். ஊரையே ஓட்டிய கால்கள்.

அவளுக்கு முதலில் கோபம் வரவில்லை.

"மாஸ்டர், இன்னிக்கு மட்டுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்று அவர் சொல்லிவிடமாட்டாரா என்றிருந்தது.

மாஸ்டர் துண்டை எடுத்து மறுபடியும் போர்த்திக்கொண்டார். "ஒரு நாள் காலை எடுத்துப் பாத்தேம்மா. கார் வந்த முதல் வாரத்துல. வண்டி அணைஞ்சுது. உன் மூஞ்சி வாடிப்போச்சு. எனக்கு மனசு கேக்கல."

"வாடினா வாடிட்டுப் போவுது! மூஞ்சியா மாஸ்டர் வண்டி ஓட்டப்போவுது?"

"எல்லாருக்குமே அப்படித்தான். உனக்கு மட்டும்னு நெனைக்காத."

"தங்கக் காலுன்னு சொன்னீங்களே. அதுவும் எல்லாருக்குமா?"

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவர் முகம் கொஞ்சம் கறுத்தது. அவர் தின்ற வஞ்சிரம் அவளுக்கு ஞாபகம் வந்தது. துண்டு துண்டாக, மிளகாய் அரைத்துத் தடவி, அம்மா பொரித்துக் கொடுத்தனுப்பியது. அம்மாவின் வாயில் ஒரு துண்டு போகவில்லை.

வெளியே துர்கா நின்றிருந்தாள். தேவிப்பிரியா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். துர்கா பொறுமையாகக் கேட்டாள்.

"அது உனக்கு இப்பத்தான் தெரியுமாடி?" என்றாள். "எல்லாருக்கும் தெரியுமே. எனக்குப் பாக்கற மாப்பிள்ளை பாரீசு. பொண்ணுக்குக் கார் ஓட்டத் தெரியும்னு ஜாதகத்தோட ஒரு வார்த்தை எழுதணும், அவ்வளவுதான். அந்தப் பெரியவரு பேரன்கிட்டக் காட்டறதுக்கு எடுக்கறாரு. நெசமாவே ஓட்டப்போறேன்னு வந்தவ நீ ஒருத்திதான். நீ செங்கல்ல பழகறேன்னு சொன்னப்ப நாங்க எவ்வளவு சிரிச்சோம் தெரியுமா?"

தெரியாது. அவளுக்கு அதுவும் தெரியாது. மாஸ்டர் ஏமாற்றியதுகூட ஒரு பக்கம். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து தேவிப்பிரியாவின் டிபன் பாக்ஸிலிருந்து தின்ற துர்கா, தெரிந்தே சிரித்துக்கொண்டிருந்தாள் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அவள் நேராக இயக்குநர் அறைக்குப் போனாள். அதற்குள் அவள் பெயர் போட்ட அட்டை சுடச்சுட வந்து மேசைமேல் கிடந்தது. போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சார், என்னை ஃபெயில் போடுங்க."

அரிகிருஷ்ணன் நிமிர்ந்து பார்த்தார். பாராட்டு, நன்றி, கூடவே ஒரு பெட்டி இனிப்பு, இவைதான் அவருக்குப் பழக்கம்.

"என்னம்மா சொல்றே?"

"எனக்கு ஓட்டத் தெரியல சார். ஃபெயில் போட்டீங்கன்னா மறுபடியும் மொதல்லேருந்து கத்துக்குவேன். மாஸ்டரைக் காலை மேல தூக்கி வச்சுக்கச் சொல்லுங்க. எவ்வளவு நாளானாலும் பரவாயில்ல. எங்கம்மா மீன் கெட்டுப்போவுது சார்."

"ஃபெயிலா? அதுக்கு இங்க முத்திரையே செய்யலியேம்மா." அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "வாசல்ல போர்டு பாத்தே இல்ல? எனாமல் பெயின்ட். அழிச்சா அசிங்கமாத் தெரியும்."

"அப்ப பாஸ் பண்ணவங்களுக்கே இன்னும் கொஞ்சம் கத்துக்குடுங்க."

"பாஸ் பண்ணவங்களுக்கு எதுக்கும்மா பயிற்சி? தெரிஞ்சவங்களுக்குக் கத்துக்குடுக்க விதியில எடமில்ல."

அவள் அசையாமல் நிற்பதைப் பார்த்து அவருக்கு மனம் இளகிவிட்டது. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். தன் மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார்.

"இத பாரு. இந்த நிலையத்துல கொடுத்த முதல் அட்டை என்னோடது. எனக்கும் கோபிநாத்துதான் மாஸ்டர். அன்னிலேருந்து இன்னிக்கு வரைக்கும் நான் ஒரு விபத்து பண்ணதில்ல, ஒரு கீறல் போட்டதில்ல, ஒரு போலீஸ்காரன் என்னை நிறுத்தினதில்ல. எப்படி? நான் ஓட்டினதே இல்ல! அதாம்மா பாதுகாப்பு. ரோட்டுல சாவறவன் எல்லாம் யாரு? ஓட்டறவன். நாங்க ஓட்டறவனை உண்டாக்கல. ஓட்டுநரை உண்டாக்கறோம். உக்கார வேண்டிய மாதிரி உக்காந்து, கால் வைக்க வேண்டிய எடத்துல வச்சா போதும். கீழ யார் மிதிக்கறாங்கிறதைத் துண்டைத் தூக்கிப் பாக்கறது நாகரிகமில்ல. இந்த ஊர்ல எத்தனை ஆபீஸ் இருக்குது? எல்லா எடத்துலயும் ஒருத்தன் துண்டு போட்டுக்கிட்டு ஓரமா உக்காந்து மிதிக்கறான். முன்னால இருக்கறவன் ஸ்டியரிங்கைப் புடிச்சிருக்கான். யாராவது துண்டைத் தூக்கறாங்களா?"

இதைச் சொல்லும்போது அவர் கண்ணில் லேசாக நீர் கோத்தது. நல்ல பேச்சு என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். உதவியாளரைக் கூப்பிட்டு, அடுத்த வரவேற்புரையில் இதைச் சேர்க்கச் சொன்னார். பிறகு அட்டையை எடுத்துத் தேவிப்பிரியாவின் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டு, வாழ்த்துச் சொன்னார். தேறியவர்கள் வளாகத்துக்குள் நிற்கக்கூடாது என்று வாட்ச்மேன் வந்து அவளை வெளியே கொண்டுபோய் விட்டார். வழக்கமாகப் போட்டுவந்த செருப்பில் ஒன்றுதான் காணாமல் போகும், அன்றைக்கு இரண்டையுமே காணோம்.

வெறுங்காலோடு பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்தாள். தெருமுனையிலேயே தெரிந்துவிட்டது. வண்டியைக் கழுவி, கண்ணாடியில் திருநீற்றுப் பட்டை போட்டு, சாமந்தி மாலை கட்டியிருந்தாள் முத்தம்மாள். முன்சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்திருந்தாள். பின்னால் ஐஸ் பெட்டிகள். மதியம் வந்த போட்டில் எடுத்த சங்கராவும் இறாலும், சாயங்காலத்துக்குள் ஓட்டலுக்குப் போயாக வேண்டிய சரக்கு. கிருஷ்ணசாமியை அன்று காலையில்தான் நிறுத்தியிருந்தாள், அதுவும் சும்மா இல்லை, தெரு கேட்க. "போய் இனிமே நிம்மதியாக் காது குத்துடா" என்று.

பக்கத்து வீட்டு மேனகா, எதிர் வீட்டுப் பார்வதி, கோயிலில் வேலை செய்கிறவர்கள் என்று ஒரு கும்பலே நின்றது. முத்தம்மாள் மகள் கையிலிருந்த அட்டையைப் பிடுங்கி, முந்தானையில் துடைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எல்லோருக்கும் காட்டினாள். காட்டிவிட்டு, சுற்றிவந்து இடதுபக்க சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஏறு தேவி. எடு வண்டிய. நல்ல நேரம் போவுது."

தேவிப்பிரியா ஏறினாள். சாவியைத் திருப்பவில்லை. இடதுபக்கம் கீழே பார்த்தாள். அம்மாவின் கால்கள் ரப்பர் விரிப்பின்மேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கணுக்காலில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. அந்தக் கால்களுக்கு முன்னால் வெறும் தகரம். வேறொன்றும் இல்லை.

"இறங்கும்மா."

"ஏன்? மொத சவாரி நான்தான் வருவேன்."

"இறங்கும்மா. எனக்கு ஓட்டத் தெரியாது."

முத்தம்மாள் சிரித்தாள். பிறகு மகளின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "அப்ப இந்தக் கார்டு?"

"அது மாஸ்டரு காலுக்குக் குடுத்தது. எம்மூஞ்சிய ஒட்டியிருக்காங்க." சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. "ஒருநாள்கூட நான் மிதிக்கலம்மா. அந்தாளு மிதிச்சுக்கிட்டே நல்லா ஓட்டறே, நல்லா ஓட்டறேன்னு சொன்னாரு. நான் நம்பிட்டேன். எல்லாரும் சேந்து சிரிச்சிருக்காங்க."

தெருவில் யாரோ களுக்கென்றார்கள். மேனகா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். முத்தம்மாள் கத்துவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் கத்தவில்லை. இறாலைப் புதைத்த அன்றைக்குப்போல வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் மகளையே பார்த்தாள். அப்புறம் கதவைத் திறந்து இறங்கினாள்.

"அந்தாளுக்கு எவ்வளவு மீனு குடுத்துவுட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

பின்னால் ஐஸ் கரைந்து சொட்டும் சத்தம் கேட்டது. தேவிப்பிரியா கண்ணைத் துடைத்தாள். வெறுங்காலைக் கிளட்சில் வைத்தாள். இரும்பு ஜில்லென்று இருந்தது. பெடல் இறங்கிக் கொடுக்கவில்லை. அமுக்கினாள். முரண்டு பிடித்தது. இத்தனை நாள் ஆயிற்றே, ஒரு பெடல் இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவளுக்கு யாருமே சொல்லவில்லை. முழுப் பலத்தையும் கொடுத்து அமுக்கி, சாவியைத் திருப்பி, கியரைப் போட்டு, காலை எடுத்தாள்.

வண்டி ஒரே ஒரு துள்ளு துள்ளியது. மாலை ஆடியது. பெட்டிகள் இடித்துக்கொண்டன. அணைந்துவிட்டது.

கும்பல் கலைய ஆரம்பித்தது. பார்வதி, ஷேர் ஆட்டோ பிடித்து வருவதாகச் சொல்லிக்கொண்டே நடந்தாள். முத்தம்மாள் மட்டும் முன்பக்கம் குனிந்து சக்கரத்துக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேவி, பழம் நசுங்கிடுச்சுடி" என்றாள். பிறகு நிமிர்ந்து, வண்டியின் இடதுபக்கக் கதவைத் திறந்து, உள்ளே சீட்டுக்கு அடியில் வரை நன்றாகக் குனிந்து பார்த்தாள். யாரும் இல்லை.

"இத யாரு மிதிச்சது?"

"நான்தாம்மா."

"நீயேவா?"

"நானேதான்" என்று சொல்லிவிட்டு தேவிப்பிரியா ஸ்டியரிங்கில் முகத்தை வைத்து விம்மி விம்மி அழுதாள். முத்தம்மாள் மடியிலிருந்து அடுத்த எலுமிச்சம்பழத்தை எடுத்து, சக்கரத்துக்கு முன்னால் வைத்தாள்.